மூன்று சூட்டுகளின் கூட்டணி

காலணித் தொழிற்சாலையில் எனக்கு ஜோடி பார்க்கிற வேலை. இடது காலும் வலது காலும் ஒரே நிறமா, தையல் ஒரே உயரத்தில் ஓடுகிறதா என்று வெள்ளை விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்து, ஒத்துப்போகாததைத் தனித் தட்டில் தள்ளிவிட வேண்டும். ஒரே தோலில் வெட்டினாலும் வயிற்றுப் பக்கம் சாயம் ஒரு மாதிரி பிடிக்கும், முதுகுப் பக்கம் வேறு மாதிரி பிடிக்கும். அந்த மயிரிழை வித்தியாசம்கூட என் கண்ணுக்குத் தப்பாது என்று மேலாளரே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட ஆள் கத்தரிப்பூ நிறக் கோட்டுக்குக் கீழே பச்சைக் கட்டம் போட்ட பேன்ட்டை மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்தால் சும்மா விடுவார்களா? துணிக்கடையில் புரட்டிக் காட்டும் சாம்பிள் புத்தகம் மாதிரி இருக்கிறேனாம். 'சாம்பிள்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். என் உண்மையான பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் இப்போது நானே திரும்பிப் பார்ப்பதில்லை.

தைத்து வாங்கிய எந்த சூட்டையும் நான் முழுசாகப் போட்டதில்லை. மேலும் கீழும் ஒரே துணியாக இருந்தால் இன்சூரன்ஸ் பிடிக்கக் கிளம்பியவன் போல எனக்கே தோன்றும். அதனால் வீட்டுக்கு வந்த அன்றே கோட்டையும் பேன்ட்டையும் பிரித்து வேறு வேறு இடத்தில் சம்பந்தம் பேசிவிடுவேன். என் தையற்காரருக்கு ஆரம்பத்தில் இது பெரிய மனவருத்தம். இப்போதெல்லாம், கோட்டுக்குத் துணி எடுத்தால் பேன்ட்டுக்கும் எடுக்கச் சொல்லி வற்புறுத்துவதை அவர் நிறுத்திவிட்டார்.

எல்லாம் சிவப்புக் கம்பளம் செய்த வேலை. விருது விழாக்களில் நட்சத்திரங்கள் காரிலிருந்து இறங்கி நடந்து வருவார்களே, அதைப் பார்க்கவென்றே விடிவதற்குள் எழுந்து சமையலறையில் போனைச் சாய்த்து வைத்துக்கொள்வேன். விருது யாருக்குப் போனால் எனக்கென்ன? ஒரு நடிகர் கோட்டின் பின்பக்கத்தை நீளமாக வளர்த்துத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தார். ஒரு நடிகை ஆண்கள் கோட்டின் தோளில் இறகுகளை நட்டுக்கொண்டு, சுற்றி இருக்கும் அத்தனை பேரும் தப்பான உடையில் வந்திருப்பது போல நடந்தார். அந்தத் துணிச்சலைப் பார்த்தால் எனக்குக் கண் கலங்கிவிடும். வெங்காயம் நறுக்கிக்கொண்டே பார்ப்பதால் இதுவரை மானம் தப்பியிருக்கிறது.

என் மனைவி மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கிறாள். கடைத்தெருவுக்குப் போனால் அவள் நாலு கடை தள்ளித்தான் வருவாள். முழங்கால் வலி என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மருத்துவரைப் பார்க்கலாமா என்று அக்கறையோடு கேட்டபோதுதான் போட்டு உடைத்தாள்.

"முழங்காலுக்கு ஒண்ணும் இல்ல. எல்லாரும் உங்களைப் பார்த்துச் சிரிச்சுட்டு, என்னைப் பார்த்துப் பரிதாபப்படறாங்க. அதத்தான் என்னால தாங்க முடியல."

சுருக்கென்று தைத்தது. திருந்திவிட்டேனா என்று கேட்காதீர்கள்.

அந்தச் சமயத்தில்தான் தொழிற்சாலையின் ஆண்டுவிழாவை அறிவித்தார்கள். குடும்பத்தோடு வரலாம், குழந்தைகளுக்கு மேஜிக், எல்லோருக்கும் விருந்து, அரங்க வாசலில் சிவப்புக் கம்பளம், ஒவ்வொரு ஜோடிக்கும் புகைப்படம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆசை ஒன்றே ஒன்றுதான். அந்தக் கம்பளத்தில் அவள் என் பக்கத்தில் நடந்து வர வேண்டும். நாலு கடை தள்ளி அல்ல, பக்கத்தில்.

கேட்டேன். விழாவுக்கு வருகிறேன் என்றாள். ஆனால் வேலை முடிந்து நேராகப் பக்கவாட்டு வாசல் வழியாக வந்து உள்ளே உட்கார்ந்துகொள்வாளாம். கம்பளத்தில் நான் மட்டும் போய்க்கொள்ள வேண்டுமாம். ஒரே துணியில் சூட் போட்டுக்கொள்கிறேன், வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பாள். வாய் வரை வந்ததை முழுங்கிவிட்டேன். மனைவியா பேன்ட்டா என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கிய ஒரே ஆண்மகன் நானாகத்தான் இருப்பேன்.

விழா மாலையில் என்மேல் ஒரு கூட்டணி ஆட்சி நடந்துகொண்டிருந்தது. ஒயின் நிற வெல்வெட் கோட் ஒரு சூட்டிலிருந்து வந்தது, மெல்லிய கோடு போட்ட சாம்பல் பேன்ட் இன்னொன்றிலிருந்து, மஞ்சள் வெயிஸ்ட்கோட் மூன்றாவதிலிருந்து. கண்ணாடி முன்னால் நின்றபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக இருந்தேன்.

வாடகைக் கம்பளம் படிக்கட்டு வரைகூட எட்டவில்லை. அதனால் என்ன? மார்பை நிமிர்த்திக்கொண்டு காலை வைத்தேன். கேமராவிலிருந்து கண்ணை எடுத்த புகைப்படக்காரர் என்னை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார்.

"மேஜிக் குரூப்பா? பின்பக்கம் போங்க சார், உங்க சாமானெல்லாம் அங்கதான் இறக்கறாங்க."

வரிசையில் நின்ற எங்கள் பிரிவு மொத்தமும் குலுங்கிச் சிரித்தது. புறாவை எங்கே ஒளித்து வைத்திருக்கிறேன் என்று யாரோ கேட்டார்கள். எத்தனையோ கேலிக்குப் பதிலடி கொடுத்தவன் நான். அன்றைக்கோ, புகைப்படக்காரர் கைகாட்டிய பக்கம் நடந்தே போய்விட்டேன்.

வழியில் இருந்த பக்கவாட்டு வாசலை நெருங்குவதற்குள் கோட்டைக் கழற்றிச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டேன். அவ்வளவு அவமானமாக இருந்தது. அப்போதுதான் அவள் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். இங்கே என்ன செய்கிறீர்கள் என்றாள். புழுக்கமாக இருக்கிறது என்றேன். முன்பக்கத்துச் சிரிப்பு இங்கே வரை கேட்டது. கொஞ்சம் துருவினாள். சொல்லிவிட்டேன்.

நான் அப்பவே சொன்னேனே என்று ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தேன். அப்படிச் சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவளோ கோட்டைப் பிடுங்கி ஓர் உதறு உதறி, எனக்குப் பின்னால் விரித்துப் பிடித்தாள்.

"கைய விடுங்க."

விட்டேன். காலரைச் சரிசெய்து, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்வாசலுக்குத் திரும்பினாள். வேண்டாம், இப்படியே உள்ளே போய்விடலாம் என்று கெஞ்சினேன். பக்கவாட்டு வாசலுக்காக நான் கெஞ்சும் காலமும் வந்தது. அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

எங்களைப் பார்த்ததும் புகைப்படக்காரர் மறுபடியும் கையைத் தூக்கினார்.

"இவர் என் வீட்டுக்காரர். எடுங்க," என்றாள், மருந்துச் சீட்டில் தப்பு கண்டுபிடித்த குரலில்.

அவர் எடுத்தார். வரிசையில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள், சிலர் அதைக்கூடச் செய்யவில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. எப்படியாவது உள்ளே போய் ஒளிந்துகொண்டால் போதும் என்று எட்டி எட்டிக் காலை வைத்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"ஏன் ஓடறீங்க? ஓடினா, நாம என்னமோ தப்பு பண்ணின மாதிரி இருக்கும். மெதுவா நடங்க."