அட்டெண்டர் காளிச்சாமி பரீட்சைக்கு உட்கார்ந்த நாள்

சிங்காநல்லூர்க் காளிச்சாமி ஐம்பத்திரண்டாவது வயதில் பரீட்சைக்கு உட்கார வேண்டி வந்தது. எட்டாவதோடு புத்தகத்தை மூடியவர் அவர். பதினெட்டு வயதில் மில்லுக்குப் போனார், பதினாறு வருஷம் நூல் ஓட்டினார். மில்லை இழுத்து மூடியதும் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்தார். அங்கிருந்து வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைக் கவனிக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தார். வேலைக்கு அட்டெண்டர் என்று பேர். பேர் என்னமோ ஆபீசில் ஃபைல் தூக்குகிறவர் மாதிரி இருக்கிறது, தூக்குவதோ எழுபது கிலோ மனுஷனை.

அந்த வேலையில் காளிச்சாமி கெட்டிக்காரர். காதில் ஒரு சொட்டுத் தண்ணீர் போகாமல் தலைக்கு ஊற்றிவிடுவார். நகம் வெட்ட விடாமல் முரண்டு பிடிக்கிறவர்களிடம் தேர்தலைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பத்து விரலையும் முடித்துவிடுவார். அவர் பார்த்துக்கொண்ட யாருக்கும் படுக்கைப்புண் வந்ததில்லை. ஆனால் இதெல்லாம் எந்தக் காகிதத்திலும் இல்லை. அதுதான் வம்பாகிப் போனது.

அவரை வேலைக்கு அனுப்பும் கம்பெனியை நடத்துகிற சசிதர் ஒருநாள் போனில் கூப்பிட்டான்.

“ஏனுங்ணா, இனிமேல் நம்ம கம்பெனியில அட்டெண்டர்னா பத்தாவது பாஸ் ஆகியிருக்கோணும். ஆறு மாசக் கோர்ஸ் சர்ட்டிபிகேட்டும் வேணும்.”

“என்றகிட்ட ரெண்டும் இல்லீங்களே தம்பி.”

“அதுக்குத்தானுங்க இன்னொரு வழி வெச்சிருக்கோம். அனுபவம் இருக்கறவங்களுக்கு ஊட்டுக்கே வந்து பரீட்சை வெப்பாங்க. நூத்துக்கு அறுபது எடுத்தாப் போதும். எடுக்காட்டி, ஒண்ணாந்தேதியிலிருந்து டியூட்டி போட முடியாதுங்ணா. தப்பா நெனைச்சுக்காதீங்க.”

சட்டத்தில் தப்பில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். நம் வீட்டுக்குள் வந்து நம் அப்பன் உடம்பைத் தொடுகிறவருக்கு எந்த மாத்திரை எதற்கென்று தெரிந்திருக்க வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் அந்தச் சட்டம் கோவிந்தராஜுலு ஐயாவைப் பார்த்ததில்லை.

ஐயாவுக்கு எண்பத்தொரு வயது. நாற்பது வருஷம் லேத்துப் பட்டறை வைத்து நடத்தியவர். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் மட்டும் முன்னைவிட நன்றாக வேலை செய்தது. முதல் ஆறு மாதத்தில் ஆறு அட்டெண்டர்களை விரட்டியிருந்தார். ஒருவன் விசில் அடித்தானாம். ஒருவன் பாத்ரூமில் போன் பார்த்தானாம். சர்ட்டிபிகேட்டோடு வந்த ஒருவன் அவரைத் ‘தாத்தா’ என்று கூப்பிட்டுவிட்டான், அன்றைக்கு மத்தியானமே பையைத் தூக்கிக்கொண்டு போனான். ஏழாவதாக வந்த காளிச்சாமி மட்டும் ஒன்றரை வருஷமாக நிற்கிறார். எப்படி என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஐயா திட்டுவார், கோபம் முற்றினால் தெலுங்குக்குத் தாவுவார். காளிச்சாமிக்குத் தெலுங்கு தெரியாது, அதனால் அந்தத் திட்டெல்லாம் வீணாகப் போகும்.

பரீட்சைச் சேதி கேட்டதும் ஐயா இரண்டு நாள் பேசவில்லை. அடுத்து வருகிறவன் எப்படிப்பட்டவனோ என்று அவருக்கு உள்ளூரப் பயம். காளிச்சாமிக்கும் பயம்தான். இந்த வயதுக்கு மேல் எந்தக் கதவைப் போய்த் தட்டுவது? மூன்றாம் நாள் ஐயா ஒரு திட்டத்தோடு கண் விழித்தார்.

“இங்க பாரு காளி. பட்டறைக்கு இன்ஸ்பெக்சன் வருவாங்க. பீஸைத்தான் எடுத்து அளப்பாங்க. எவன் கடைஞ்சான், எப்பிடிக் கடைஞ்சான்னு கேப்பாங்களா? மாட்டாங்க. இங்க நாந்தான் பீஸ். நான் சும்மா கிண்ணுன்னு உக்காந்திருந்தா உனக்கு மார்க்கு தானா உழுகும்.”

காளிச்சாமிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மில்லிலும் அப்படித்தானே? நூலைப் பார்ப்பார்கள், நூற்றவன் முகத்தை யார் பார்த்தார்கள்? இரண்டு பேருமாகச் சேர்ந்து வாக்கர், ஓட்டை வைத்த நாற்காலி, ரப்பர் விரிப்பு, மூத்திர பாட்டில் எல்லாவற்றையும் பின்பக்கத்து மோட்டார் ரூமில் போட்டுப் பூட்டினார்கள். இரண்டு பேருமாக என்றால், காளிச்சாமி சுமந்தார், ஐயா அதிகாரம் செய்தார்.

காலை பத்து மணிக்குப் பரீட்சை வைக்க வந்தவள் கயல்விழி. தாராபுரத்துப் பெண், நர்சிங் டிகிரி முடித்தவள், இருபத்தெட்டு வயதிருக்கும். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அட்டையும் பேனாவுமாக உள்ளே வந்தாள். வரப்போவது பெண் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. ஐயா சட்டைக் காலரை ஒற்றைக் கையால் நீவிக்கொண்டார்.

“கேள்வியெல்லாம் ஐயாகிட்டக் கேப்பனுங்க. அவருக்காக நீங்க வாயைத் தொறக்கக் கூடாதுங்ணா. தொறந்தா மார்க்கு போயிரும்” என்று காளிச்சாமியிடம் கறாராகச் சொல்லிவிட்டு ஆரம்பித்தாள்.

“எப்பிடி இருக்கீங்க ஐயா?”

“ஒரு கொறையும் இல்லை அம்மணி.”

“நடக்கறீங்களா?”

“பின்ன? ஊட்டைச் சுத்தி நாலு ரவுண்டு வருவேன்.”

ஐயா சுற்றி வந்தது போன வருஷக் கனவில்தான். காளிச்சாமி மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தார். அதற்குள் சமையல்காரி செல்லாத்தாள் காப்பி கொண்டுவந்தாள். வந்தவர்களைத் தனியாகக் குடிக்க விட்டு வேடிக்கை பார்ப்பது ஐயா வீட்டில் வழக்கமில்லை. அவரும் ஒரு டம்ளர் குடித்தார். பிறகு மோர் வந்தது, அதையும் குடித்தார். வெயிலில் வந்த பிள்ளை என்று செல்லாத்தாள் இளநீர் வெட்டினாள். அதிலும் ஐயா துணைக்கு நின்றார்.

காளிச்சாமியின் முறை வந்தது. கை கழுவும் முறை, காய்ச்சல் பார்ப்பது, பிரஷர் பார்ப்பது எல்லாவற்றையும் தட்டாமல் செய்தார். “பேஷண்ட் சாப்பிட மாட்டேன்னா என்ன செய்வீங்க?” என்று கயல்விழி கேட்டாள். டாக்டருக்குத் தகவல் சொல்வது என்று புத்தகத்தில் போட்டிருந்தது. காளிச்சாமி, “நானும் சாப்பிட மாட்டேன்னு எதுத்தாப்புல உக்காந்துக்குவனுங்க, பொறவுதான் டாக்டரு” என்றார். எத்தனை மார்க் போடுவதென்று தெரியாமல் அவள் பேனாவைக் கடித்தாள்.

அப்போதுதான் காளிச்சாமியின் காதில் அது விழுந்தது.

“செல்லாத்தா, அந்த ஃபேனைச் சித்தெக் கூட வெய்யுங்க” என்றார் ஐயா.

வெய்யுங்க. செல்லாத்தாளே திரும்பிப் பார்த்தாள். ஊரெல்லாம் ‘ங்க’ போட்டுப் பேசும், ஐயா மட்டும் போடமாட்டார். அவர் வாயில் மரியாதை வருகிறதென்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். மூத்திரம் முட்டிக்கொண்டு நிற்கிறது. எவ்வளவு முட்டுகிறதோ அவ்வளவு மரியாதை. இது காளிச்சாமி ஒருவருக்குத்தான் தெரியும், எந்தக் கோர்ஸிலும் சொல்லித்தரமாட்டார்கள். பாட்டிலோ மோட்டார் ரூமில் பூட்டிக் கிடக்கிறது. வாயைத் திறந்தால் மார்க் போய்விடும். ஐயா என்னடாவென்றால் தாராபுரத்தில் மழை எப்படிங்க, அமராவதியில தண்ணி போகுதுங்களா என்று சின்னப் பெண்ணிடம் குசலம் விசாரித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது.

கயல்விழி அட்டையைத் திருப்பினாள். “ரொம்ப சந்தோசமுங்க ஐயா. ஆனா ஒரு சிக்கல். படுக்கையிலிருந்து தூக்கி உக்கார வெக்கறது, பாத்ரூமுக்குக் கூட்டீட்டுப் போறது, இதுக்கு மட்டும் அம்பது மார்க்குங்க. உங்களுக்குத்தான் அதெல்லாம் தேவையே இல்லையே, நான் எதைப் பாத்து மார்க்கு போடறது? இந்த ஊட்டுக்கு முழுநேர அட்டெண்டர் தேவையில்லைன்னுதான் எழுதோணும்.”

பீஸ் அவ்வளவு சுத்தமாக இருந்தது, கடைந்தவனே வேண்டாம் என்றாகிவிட்டது. சின்னப் பெண்ணின் முன்னால் ஐயா என்னவென்று சொல்வார்?

காளிச்சாமி அப்போது மார்க்கையும் ஒண்ணாந்தேதியையும் நினைக்கவில்லை. ஐயாவின் கட்டைவிரல் நாற்காலிக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்ததை மட்டும்தான் பார்த்தார்.

“அம்மணி, மார்க்கை நீங்க கழிச்சுப்போடுங்க. ஐயா பாத்ரூம் போகோணும். ஒரு மணி நேரமா அடக்கீட்டு உக்காந்திருக்காரு.”

“இல்லீங்க காளிச்சாமி, எனக்கு ஒண்ணும் வரலைங்க” என்றார் ஐயா.

ஒன்றரை வருஷத்தில் காளிச்சாமிக்குக் கிடைத்த முதல் ‘ங்க’ அதுதான். அவர் “சாவி எங்க செல்லாத்தா” என்று கேட்டுக்கொண்டே பின்பக்கம் ஓடினார்.

அவர் பாட்டிலோடு திரும்பி வந்தபோது ஐயா பேசிக்கொண்டிருந்தார். தலை குனிந்திருந்தது, குரல் மட்டும் கணீரென்று வந்தது.

“எழுதிக்க அம்மணி. நான் சொன்னது அத்தனையும் பொய்யி. என்னால ஒரு அடி வெக்க முடியாது. இவன் தூக்கி உட்டாத்தான் உக்காருவேன். இவன் இல்லாட்டி எனக்கு ஒண்ணுக்குக்கூடப் போக வழியில்லை. எழுதியாச்சா? அப்ப வெளிய போ, அவசரம்.”

கயல்விழி வெளியே போனாள், காளிச்சாமி கதவைச் சாத்தினார். உள்ளே ஐயா தெலுங்கில் முழுசாக ஒரு பாட்டம் திட்டினார். அதைக் கேட்டதும் காளிச்சாமிக்கு உயிர் திரும்பி வந்தது. சந்தோஷமாக இருந்தது, அழுகையும் வந்தது. ‘ஒரு அடி வெக்க முடியாது’ என்ற சொற்களை ஐயா எவ்வளவு விலை கொடுத்துச் சொன்னார் என்பது அவருக்குத் தெரியும். பெற்ற மகளிடம்கூட ‘நடக்கிறேன்’ என்றுதான் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார் மனுஷன்.

முகத்தைத் துடைத்து, வேட்டியைச் சரிசெய்து, ஐயாவைக் கட்டிலில் சாய்த்துவிட்டுக் கதவைத் திறந்தார் காளிச்சாமி. கயல்விழி வாசலோரம் நின்றிருந்தாள், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு.

“மன்னிச்சுக்குங்க ஐயா. நீங்க சொன்னதை எழுதிக்கிட்டேன். ஆனா என்ற கண்ணால பாக்காததுக்கு மார்க்கு போடக் கூடாதுங்க. அது இல்லாம இவருக்கு நாப்பத்தியெட்டுதான் வருது.”

காளிச்சாமி, “பரவால்லீங்க அம்மணி, உடுங்க” என்றார். ஐயாவை இன்னொரு முறை அவமானப்படுத்த அவருக்கு மனசில்லை.

ஐயா நல்ல கையை நீட்டினார்.

“காளி, வா. தூக்கு. அம்மணி, நீ அந்தக் கதவு மறைவுல நிக்காத, உள்ள வந்து நில்லு.”

காளிச்சாமி குனிந்தார். ஐயாவின் விழுந்த காலைத் தன் முட்டியால் அணைகொடுத்து, அக்குளுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கினார். எண்பத்தொரு வயது மனுஷன், குழந்தை மாதிரி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஊர் பேர் தெரியாத பெண்ணின் முன்னால் எழுந்து நின்றார். முகத்தை மட்டும் காளிச்சாமியின் தோளில் புதைத்துக்கொண்டார். கயல்விழியின் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

“மார்க்கை முழுசாப் போட்டுரு கண்ணு” என்றார் ஐயா தோளுக்குள்ளிருந்து. “பாதி போட்டுட்டு மறுக்காத் தூக்கிக் காட்டச் சொன்னயின்னா, எனக்குத் தெம்பு இல்லை.”