ஒன்பது வருடம் கைதட்டல் வாங்கிய சாட்சி

அன்பான விசுவாசக் குடும்பத்தாருக்கு, மலாவியிலிருந்து தேவராஜ் எழுதுகிறேன்.

1997ஆம் வருடம் மழைக்காலத்தில் ஏழு வாரம் என்னால் கண்ணை மூடி ஜெபிக்க முடியவில்லை. அதுவும் எந்த நேரத்தில்? கடல் கடந்து ஊழியத்துக்குப் போகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில்.

நான் ஈஜிபுராவில் ஒயரிங் வேலை செய்து பிழைத்தவன். எட்டாவது வரைதான் படிப்பு. ஆப்பிரிக்காவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டர் வேலை தெரிந்த விசுவாசி வேண்டும் என்று சபையில் அறிவித்தார்கள். நானும் என் மனைவி கிரேஸும் கையைத் தூக்கினோம். ஜனவரியில் பயணம் என்று முடிவாயிற்று.

பயிற்சியில் சனிக்கிழமைதோறும் ஒருவர் எழுந்து, தான் விசுவாசத்துக்கு வந்த கதையைச் சாட்சியாகச் சொல்லிப் பழகவேண்டும். எனக்கு அது கஷ்டமே இல்லை. ஒன்பது வருடமாகச் சொல்லிவந்த சாட்சி கைவசம் இருந்தது. ஞானஸ்நானம் எடுத்த மறு வாரம், மாலை போட்டுப் பொட்டு வைத்து வீட்டில் கும்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் படத்தைக் கழற்றி வெந்நீர் அடுப்பில் போட்டேன். இதை எங்கே சொன்னாலும் அல்லேலூயா என்பார்கள். கை தட்டுவார்கள். இதற்காகவே என்னை உபவாசக் கூட்டங்களுக்குக் கூப்பிடுவார்கள்.

என் முறை வந்த சனிக்கிழமையும் தட்டினார்கள். ஸ்டெல்லா மட்டும் தட்டவில்லை. அதே ஆஸ்பத்திரிக்கு எங்களோடு வரவிருந்த நர்ஸ் அவள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? உங்க அப்பா பாக்க எப்படி இருப்பாரு?"

அப்பா இறந்தபோது எனக்கு ஐந்து வயது. எனக்குத் தெரிந்த அப்பா அந்தப் படம்தான். வேறு படம் கிடையாது.

"உயரமா… இருப்பாரு" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

சாட்சியில் நான் ஒருநாளும் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. படத்தை எரித்த அன்று அமாவாசை. என்னைவிடப் பதினோரு வயது மூத்த சரோஜா அக்கா, மல்லேஸ்வரத்தில் ஊதுபத்தி உருட்டி என்னை வளர்த்தவள், கனகாம்பர மாலையோடு வந்தாள். சுவரைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். கத்தவில்லை. படம் இருந்த ஆணியில் மாலையை மாட்டிவிட்டுக் கைகூப்பி நின்றாள். மறுநாள் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ஈஜிபுராவுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

ஸ்டெல்லா கேட்ட நாளிலிருந்து கண்ணை மூடினால் அதுதான் தெரிந்தது. "பிதாவே" என்று ஆரம்பித்தால் ஆணி. மாலை. மாலைக்குள் வெறும் சுவர். ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் என் முகத்தைத் துண்டு துண்டாகப் பார்ப்பேன். இதில் எது அப்பாவுடையது? வேலைக்குப் போன வீடுகளில் படம் மாட்டிய சுவரில் துளை போடாமல் வேறு சுவரைத் தேடினேன்.

"இது சத்துருவோட, அந்தச் சாத்தானோட வேலைங்க. கண்டிச்சு ஜெபம் பண்ணுங்க" என்றாள் கிரேஸ். கண்டித்தேன். போகவில்லை. இதை அனுப்புகிறது சத்துரு இல்லை, ஆண்டவர்தானோ என்று தோன்றியபோதுதான் நிஜமாகப் பயந்தேன்.

கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தேன். "ஆண்டவரே, நீர் சொல்லாததை உம்முடைய பேரில் செய்தேன். அக்கா வாசலில் போய் நிற்கப் பெலன் தாரும். அவள் என்னோடு பேசாமல் நான் கடல் தாண்டமாட்டேன்."

வெள்ளிக்கிழமை உபவாசத்தோடு மல்லேஸ்வரம் போனேன்.

"வாடா சாமி. எரிக்க இன்னும் என்ன மிச்சம் இருக்குன்னு பாக்க வந்தியா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள்.

அடுத்த வெள்ளி கதவு திறக்கவேயில்லை. மூன்றாவது வெள்ளி திறந்தே கிடந்தது. அக்கா பலகை முன்னால் உட்கார்ந்து பத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் கருப்பு. நிமிரவில்லை.

"அக்கா, தப்புப் பண்ணிட்டேன்."

"யாரு சொன்னா? உங்க பாஸ்டரா?"

"யாரும் சொல்லலக்கா. அப்பா மொகமே எனக்கு மறந்துபோச்சு."

அவள் கை நின்றது.

"மேல்பல்லு ஒண்ணு ஏறியிருக்கும்" என்றாள், பலகையைப் பார்த்தே. "சிரிச்சா கையால மூடிக்குவாரு. எடது புருவத்துல ஒரு வெட்டு. உன்னத் தோள்ல தூக்கிட்டுப் போனா நீ முடியப் புடிச்சு இழுப்ப. ஒரு வார்த்த திட்டமாட்டாரு. உன்னய திட்டுனதெல்லாம் நாந்தான்."

ஒரு மணிநேரம் அப்படிப் பேசினாள். நான் அழுதேன். அவளும் அழுதாள்.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. கையக் கழுவு. சோறு ஆறுது" என்றாள். அன்று உபவாசம் என்று நான் சொல்லவில்லை. சாப்பிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கண்ணை மூடினேன். ஆணி இருந்தது, மாலை இருந்தது. ஆனால் "பிதாவே" என்ற வார்த்தை முழுதாக வந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அடுத்த சனிக்கிழமை அந்தச் சாட்சியை அமாவாசையோடு சேர்த்துச் சொன்னேன். யாரும் தட்டவில்லை. "இதெல்லாம் வெளிய சொன்னா ஜனங்க விசுவாசத்துல இடறுவாங்க பிரதர்" என்றார் மூப்பர் ஒருவர். சொல்லாமல் இருந்துதான் நான் இடறினேன் ஐயா என்று தாழ்மையோடு சொன்னேன்.

புறப்படும் முன் சபையில் எங்கள் தலைமேல் கைவைத்து ஜெபித்தார்கள். அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து ஊறுகாய் பாட்டிலைக் கிரேஸிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "போற எடத்துல யாரு வீட்டுச் செவுத்துலயும் கைய வெக்காத. கேட்டுக்கிட்டியா?" என்றாள். என்னை அனுப்பி வைத்த வார்த்தையாக அதையும் வைத்திருக்கிறேன்.

பிரியமானவர்களே, தூர தேசத்துக்காக ஜெபிக்கிறீர்களா? முதலில் பக்கத்துப் பேட்டையில் உங்களுக்காக மூடியிருக்கும் ஒரு கதவுக்காக ஜெபியுங்கள். முகத்தில் அடித்தாற்போல் சாத்துவார்கள். மறு வெள்ளியும் போங்கள். நாம் போய்ச் சேருவதற்கு முன்பே கர்த்தர் அங்கே நிற்கிறார். நம்புங்கள்.

அக்கா சபைக்கு வருகிறவள் இல்லை. மாதம் ஒரு கடிதம் போடுகிறாள். கடைசியில் அப்பாவைப் பற்றி ஒரு வரி இருக்கும். போன மாதம் எழுதியிருந்தாள்: அப்பா தூக்கத்தில் பாடுவாராம்.