வேப்பம்பட்டு மனையில் சுக்கிரனும் மகமும்

வேப்பம்பட்டு ஸ்டேஷனைத் தாண்டி, மனை பிரித்துக் கல் நட்ட பொட்டலில் பைனாகுலருடன் நிற்கிறேன். பொழுது சாய்ந்தும் மேற்கு சிவந்தே இருக்கிறது. இன்று சுக்கிரன் மக நட்சத்திரத்தை ஒட்டிக் கடக்கிறது. அதைப் பார்க்கத்தான் ரயிலேறி வந்தேன்.

நான் நிற்கும் மூலை மனையை ஒரு தம்பதிக்குக் காட்டுகிறார் புரோக்கர். கணவர் பிடிகொடுக்காமல் வண்டிச் சாவியை எடுத்துவிட்டார். புரோக்கர் என்னிடம் வந்து புலம்புகிறார்.

“அடுத்த வாரம் ஆடி நைனா. ஒருத்தனும் மனை பக்கம் வரமாட்டான். ஆமா, நீ இன்னா பாத்துகினு கீறே?”

சொல்கிறேன்.

“மகமா? என் நட்சத்திரமாச்சே,” என்கிறார் அந்த மனைவி. பைனாகுலரைக் கொடுக்கிறேன். ஜாதகத்தில் மட்டும் இருந்ததை இப்போதுதான் வானத்தில் பார்க்கிறார்.

“சுக்கிரன் இந்த மனைக்கு நேரா நிக்குது பாரும்மா,” என்கிறார் புரோக்கர்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். விளக்காமல் இருக்க முடியவில்லை. “ஆவடியிலேர்ந்து பாத்தாலும் இப்படித்தாங்க தெரியும். நட்சத்திரம் எங்கேயோ பின்னாடி இருக்கு. கிட்ட இருக்கற மாதிரி தோணுது, அவ்வளவுதான்.”

“படிச்ச தம்பியே கிட்ட இருக்குங்கறாரு,” என்று புரோக்கர் கணவரைப் பார்க்கிறார். கணவர் சாவியைச் சட்டைப்பையில் போடுகிறார்.

“சரி, இதையே முடிச்சிடலாம்.”

அவர்களை ஆபீஸ் கொட்டகைக்கு அனுப்பிவிட்டுப் புரோக்கர் தனியே திரும்பி வருகிறார்.

“இது எத்தினி நாளு இங்க நிக்கும்?”

“நாளைக்கே விலகிடும்ணே.”

விற்காத மனைகளின் கற்களை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்.

“ஆடிக்குள்ள வேற எதுனா கிட்ட வருமா நைனா?”