எட்டாவது லைன்

இது நடந்தது. நேரங்களை நினைவிலிருந்து எழுதவில்லை. அன்றைய சோதனைத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நம்பாதவர்களோடு எனக்குச் சண்டையில்லை. முதல் ஒரு வாரம் நானே நம்பவில்லை.

என் வேலை அலுவலகங்களுக்கு போன் இணைப்பது. அப்போது நாங்கள் வேலை எடுத்திருந்த கம்பெனிக்கு ஏற்கெனவே ஒரு தலைமை அலுவலகம். ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் புதிதாக மூன்று மாடியில் இன்னொரு அலுவலகம் கட்டியிருந்தார்கள். இரண்டிலும் உள்ளிருக்கும் போன்களை இணைக்கத் தனித்தனி எக்ஸ்சேஞ்ச். இரண்டையும் டேட்டா லைன் வழியாகக் கோக்க வேண்டும். கோத்துவிட்டால் இங்கிருப்பவர் மூன்று எண்களை அழுத்தி அங்கிருப்பவரோடு பேசலாம். பக்கத்து மேசையைக் கூப்பிடுவது போல. கேட்க எளிதாக இருக்கிறதல்லவா. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

முதல் ஞாயிறு டேட்டா லைனே வரவில்லை. இரண்டாவது ஞாயிறு லைன் வந்தது, குரல் ஒரு பக்கம்தான் போனது. அவன் பேசுவது எனக்குக் கேட்கும். நான் பேசுவது அவனுக்குக் கேட்காது. ஆறு மணி நேரம் கத்தியதில் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அவன் என்றால் என் மச்சான். மனைவியின் ஒரே தம்பி. நான்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். இரண்டு வருடத்தில் இது அவனுக்கு நாலாவது வேலை. ஆள் நல்லவன். ஆனால் பத்துப் படி ஏறினால் ஒரு படியில் உட்காருவான்.

எங்கள் மேனேஜர் சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமை அந்தக் கட்டடத்துக்குக் குடிவராங்க. ஒன்பது மணிக்கு அவங்க முதலாளி ஹெட் ஆபீஸ்லேருந்து அங்க போன் போடுவார். பேச முடியலைன்னா உங்க மச்சானுக்கு நான் பொறுப்பில்ல. உங்களுக்கும்தான்."

வீட்டில் சொன்னேன். மனைவி வேறு எதையும் கேட்கவில்லை.

"அவனை ரொம்பத் திட்டாதீங்க. இதுவும் போச்சுன்னா அம்மா தாங்க மாட்டாங்க."

மூன்றாவது ஞாயிறு. காலை 9:40. தலைமை அலுவலகத்தின் அடித்தளத்தில் எக்ஸ்சேஞ்ச் அறை. ஜன்னல் கிடையாது. செல்போனுக்கு சிக்னல் கிடையாது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, மேசைமேல் சோதனைக்கு ஒரு போன். அதன் எண் 100. கதவுக்கு ஒரே சாவி. அதைக் காவலாளியிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தேன்.

ஏற்பாடு இதுதான். அங்கே 201 முதல் 248 வரை நாற்பத்தெட்டு போன்கள். மாடிக்குப் பதினாறு. அவற்றை மச்சான் சனிக்கிழமையே மேசைகளில் வைத்திருப்பான். பதினோரு மணிக்கு நான் வரிசையாகக் கூப்பிடுவேன். அவன் மேசை மேசையாகப் போய் எடுத்து, கேட்கிறதா இல்லையா என்று சொல்வான். நான் தாளில் டிக் போடுவேன்.

11:05. 201-ஐ அழுத்தினேன். மணியே போகவில்லை.

11:40. ஒரு அமைப்பை மாற்றினேன். மணி போகவில்லை.

12:20. மாற்றியதைத் திருப்பி மாற்றினேன். அப்போதும் இல்லை. படியேறி மேலே வந்து மச்சானின் செல்லுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறானாம். அந்தப் பெண் குரல் இரண்டு மொழிகளில் சொன்னது. இரண்டிலும் எனக்கு ஒரே கோபம்தான் வந்தது.

கீழே வந்தேன். எக்ஸ்சேஞ்சில் எழுதியிருந்த அமைப்புகள் எல்லாவற்றையும் அழித்தேன். முதல் வரியிலிருந்து மறுபடி எழுதினேன். சாப்பாட்டுப் பையைத் திறக்கவில்லை. திறந்தால் அரை மணி நேரம் போய்விடும்.

2:10. 201.

மணி போனது. ஒருமுறை... இரண்டாவது முறை... எடுத்தாயிற்று.

"கேக்குது."

"எங்கடா போய்த் தொலைஞ்ச? மூணு மணி நேரமா நான் இங்க மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன். நான் பேசறது கேக்குதா, அதைச் சொல்லு."

"கேக்குது. அடுத்தது."

இரண்டு பக்கமும் குரல் போகிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. புது லைனில் எல்லாக் குரலும் முதலில் தகரத்தில் பட்ட மாதிரிதான் இருக்கும். அதனால் குரலை நான் கவனிக்கவில்லை. டிக் போட்டேன்.

202. இரண்டாவது மணி. "கேக்குது. அடுத்தது."

203. இரண்டாவது மணி. "கேக்குது. அடுத்தது."

"பரவாயில்லையே. நீ வேலை செய்யறேன்னு சொன்னா உங்க அக்காவே நம்ப மாட்டா."

இதற்கு அவன் சிரித்திருக்க வேண்டும். நான் சொல்லாத நகைச்சுவைக்கே சிரிக்கிறவன்.

"அடுத்தது."

216 வரை அப்படியே போனது. அது கீழ்த்தளத்தின் கடைசி மேசை. 217 முதல் மாடி. நான் வேண்டுமென்றே காத்திருக்கவில்லை. உடனே அழுத்தினேன். ஓடி வரட்டும், கொழுப்பு குறையும் என்று நினைத்தேன்.

இரண்டாவது மணி.

"கேக்குது."

மூச்சு வாங்கவில்லை.

"லிஃப்ட்லயா போன?"

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இன்னும் ஓடவில்லை என்பது எனக்கே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அடுத்தது."

எக்ஸ்சேஞ்ச் திரையில் ஒவ்வோர் அழைப்பின் நீளமும் வரும். பார்த்தேன். நான் வாயைத் திறக்காத அழைப்புகள் எல்லாம் பதினொரு விநாடி. ஒன்றுகூடப் பத்து இல்லை. ஒன்றுகூடப் பன்னிரண்டு இல்லை.

இன்னொன்றும் உறைத்தது. என் மச்சான் 'மாமா' இல்லாமல் ஒரு வாக்கியம் பேசமாட்டான். நாற்பது நிமிடமாக ஒரு 'மாமா' வரவில்லை.

கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். நான் திட்டியது அதிகம்தான்.

2:51. 231.

மணி போகவில்லை. அழுத்தி முடிப்பதற்குள் எடுத்தாயிற்று. குரல் தணிந்திருந்தது.

"இதை விட்டுடுங்க."

"ஏன்?"

"இங்க ஆள் உக்காந்திருக்கு."

குடிவராத கட்டடம். ஞாயிற்றுக்கிழமை.

"யாருடா அது? ரெண்டு நிமிஷம் எழுந்திரிக்கச் சொல்லு."

திரையில் விநாடிகள் ஓடின. பதினான்கு. பதினைந்து. லைனில் யாரோ மூச்சு விட்டார்கள். பேசியவர் இல்லை. கொஞ்சம் தள்ளி இருந்தவர்.

"சொல்ல முடியாது. அடுத்தது."

தாளில் 231-க்கு எதிரே 'ஆள்' என்று எழுதினேன். அந்த எழுத்து இன்னும் இருக்கிறது. கொஞ்சம் கோணல்.

3:26. 248.

"கேக்குது. முடிஞ்சுது."

"சரி, நீ கிளம்பு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"நீங்களும் கிளம்புங்க."

"இங்க கொஞ்சம் வேலை..."

"அங்க இருக்காதீங்க."

வைத்தாயிற்று. பதினேழு விநாடி.

அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். படி ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பயம் என்று அப்போது நான் அதைச் சொல்லியிருக்க மாட்டேன். பசி என்றுதான் சொல்லியிருப்பேன்.

மேலே வந்ததும் செல்போன் துள்ளியது. தவறிய அழைப்புகள் பத்தொன்பது. எல்லாம் மச்சான். முதலாவது 10:52. மத்தியானம் மேலே வந்தபோது இவற்றில் ஒன்றுகூடக் காட்டவில்லை.

கூப்பிட்டேன்.

"மாமா, எங்க மாமா போனீங்க? காலையிலேருந்து அடிக்கிறேன் மாமா. வாட்ச்மேன் தப்பான சாவியைக் கொண்டுவந்துட்டாரு. இன்னும் கேட்டுக்கு வெளியிலதான் உக்காந்திருக்கேன். நாலு மணிக்கு மேலதான் சரியான சாவி வருதாம்."

திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தேன்.

"மாமா? கேக்குதா?"

"நீ உள்ள போகவே இல்லையா?"

"இல்ல மாமா. இங்க யாருமே போகல."

"போனெல்லாம் மேசையிலதான இருக்கு?"

அவன் செருமுவது கேட்டது.

"டேய்."

"பெட்டியிலதான் மாமா இருக்கு. சனிக்கிழமை கொஞ்சம் தலைவலி. இன்னைக்குக் காலையில வச்சுடலாம்னு..."

நாற்பத்தேழு டிக் போட்ட தாள் என் சட்டைப்பையில் இருந்தது.

அந்த நேரத்தில் பயந்தேனா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. எனக்கு வந்தது எரிச்சல். மறுநாள் ஒன்பது மணிக்கு நாற்பத்தெட்டு மேசைகளில் போன் இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. பேயை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வண்டியை எடுத்தேன்.

4:55-க்குப் போய்ச் சேர்ந்தேன். கதவு அப்போதுதான் திறந்திருந்தது. கீழ்த்தளத்தில் நாற்பத்தெட்டு பெட்டிகள். எல்லாவற்றிலும் கம்பெனி ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. உள்ளே ரிசீவர் ஒரு பையில், போன் ஒரு பையில். இரண்டையும் இணைக்கும் சுருள் ஒயரின் முடிச்சுகூட அவிழ்க்கப்படவில்லை.

மச்சான் தாளை எட்டிப் பார்த்தான்.

"மாமா, இவ்ளோ டிக் போட்டிருக்கீங்க. யாரு எடுத்தா?"

"வேலையைப் பாரு."

"திட்றதுன்னா இப்பவே திட்டிடுங்க மாமா. சேத்து வச்சு அக்காகிட்ட சொல்லாதீங்க."

கீழ்த்தளம் முடிந்தது. முதல் மாடிக்குப் போனோம். நாற்காலிகள் எல்லாம் புதிது. பாலித்தீன் உறைகூடப் பிரிக்கவில்லை. உறைகள் விறைப்பாக, மேலே மெல்லிய தூசியோடு இருந்தன.

231-க்கு வந்தோம்.

அந்த உறையில் தூசி இல்லை. நடுவில் குழிந்திருந்தது.

"மாமா, யாரோ உக்காந்திருக்காங்க."

"கடைக்காரன் உக்காந்து பாத்திருப்பான்."

சொல்லி முடிக்கவில்லை.

கிரக்...

பாலித்தீன்.

கிரக்... கிரக்...

குழிவு மெல்ல மேலே வந்தது. உட்கார்ந்திருந்தவர் எழுந்தால் மெத்தை எப்படி நிமிருமோ, அப்படி.

என் கைக்கடிகாரத்தில் 7:02.

மச்சான் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். 'மாமா' என்றுகூட அவனுக்கு வரவில்லை. 231-இன் போன் இன்னும் என் கையில் பையோடு இருந்தது. எட்ட நின்று மேசையில் வைத்தேன். ஒயரைச் செருகினேன். அடுத்த மேசைக்குப் போனோம். 8:40-க்கு எல்லாம் முடிந்தது.

திங்கள். அவன் அங்கே, நான் இங்கே. காலை 8:20-க்கு எக்ஸ்சேஞ்ச் அறையைத் திறந்தேன். சாவி இரவு முழுக்க என் தலையணைக்கடியில் இருந்தது.

இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே ஒரே நேரத்தில் எட்டு அழைப்புகள் போகலாம். எட்டு லைன். திரையில் எட்டு விளக்குகள். யாரும் இன்னும் வேலைக்கு வரவில்லை. ஏழு விளக்குகள் அணைந்திருந்தன.

எட்டாவது எரிந்தது.

யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். யார் என்று பார்த்தேன்.

அழைத்த எண்: 100. எடுத்த எண்: 231. தொடங்கியது: ஞாயிறு, மாலை 7:02. நீளம்: பதின்மூன்று மணி பதினெட்டு நிமிடம். ஓடிக்கொண்டிருந்தது.

100 என் மேசையில்தான் இருந்தது. ரிசீவர் அதன் இடத்தில் இருந்தது.

நான் விட்டுவிட்ட எண்ணை, நான் பூட்டிய அறையிலிருந்து யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே போன் வைக்கப்படுவதற்கு முன்னால்.

8:24. அழைப்பைத் துண்டித்தேன். விளக்கு அணைந்தது.

ஒன்று... இரண்டு...

எரிந்தது. 100. 231.

8:26. மறுபடி துண்டித்தேன். மறுபடி எரிந்தது.

8:29. 100-இன் ஒயரையே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு துண்டித்தேன்.

எரிந்தது.

100.

மேலே போய் வேறொரு போனிலிருந்து, 231-க்குப் பக்கத்து மேசையான 232-க்குப் போட்டேன். மச்சான் எடுத்தான்.

"231 யார் எடுத்தா?"

"யாரும் எடுக்கல மாமா. வச்சது வச்ச மாதிரியே இருக்கு. ஏன் மாமா?"

"ஒண்ணுமில்ல. அங்க நிக்காத. கீழ போ."

ஒன்பது மணிக்கு முதலாளி போன் போட்டார். அது முதல் லைனில் போனது. "பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கே" என்றார். மேனேஜர் என் தோளைத் தட்டினார். மூன்று ஞாயிறு கழித்து முதன்முறையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன். எனக்குச் சிரிக்க வரவில்லை. மச்சானை வேலையில் வைத்துக்கொண்டார்கள். மனைவி அவள் அம்மாவுக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் பேசினாள்.

ஒரு மாதம் ஓடியது. மேனேஜர் கூப்பிட்டார்.

"எட்டு லைன்னு எழுதிக் குடுத்திருக்கோம். ஏழுதான் வேலை செய்யுதுன்னு அவங்க சொல்றாங்க. எட்டாவதுக்கு என்ன கேடு? போய்ப் பாத்து, எழுத்துல காரணம் குடுங்க. இல்லைன்னா அந்த வேலை முடிஞ்சதாவே கணக்கில்ல. உங்க மச்சான் கதையும் அப்படித்தான்."

போனேன். பகல் 11:20. அறைக் கதவை முழுக்கத் திறந்து, நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்தேன்.

ஓடிக்கொண்டிருக்கும் அழைப்பை நடுவில் புகுந்து கேட்க அந்த எக்ஸ்சேஞ்சில் ஒரு வசதி உண்டு. நாலு எண்களை அழுத்தினால் போதும். அது முதல் நாளே எனக்குத் தெரியும். ஒரு மாதமாக நான் அதை அழுத்தவில்லை.

அழுத்தினேன்.

இரண்டு குரல்கள்.

ஒன்று எண்ணைச் சொன்னது. மற்றது பதில் சொன்னது.

"இருநூத்தி நாப்பத்தாறு."

"கேக்குது. அடுத்தது."

"இருநூத்தி நாப்பத்தேழு."

"கேக்குது. அடுத்தது."

"இருநூத்தி நாப்பத்தெட்டு."

"கேக்குது."

'முடிஞ்சுது' வரவில்லை.

பிறகு முதல் குரல் மறுபடி தொடங்கியது. "இருநூத்தி ஒண்ணு."

பதில் சொன்ன குரல் எனக்குத் தெரிந்ததுதான். தகரத்தில் பட்ட குரல். அதற்காக நான் ரிசீவரைக் கீழே போடவில்லை.

எண்ணைச் சொன்ன குரலுக்குத் தொண்டை கட்டியிருந்தது. எரிச்சலில் ஒவ்வோர் எண்ணையும் கடித்துத் துப்பியது. நடுவில் ஒருமுறை "எப்பதான்டா முடியும் இது" என்றது.

அது என் குரல்.

மேனேஜர் கேட்ட காரணத்தை அன்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுத் தலையாட்டினார். மச்சானுக்கு வேலை நிரந்தரமானது.

'ஏழு லைன்கள் பயன்பாட்டில் உள்ளன. ஒரு லைன் இன்னும் சோதனையில் உள்ளது.'