கண்ணாடிக்கு அடியில் கிடந்த அசிங்கம்

அந்தக் கண்ணாடி மேசையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

றக்வானைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எனக்குப் புகைக்கூட்டு வேலை. ரப்பர் பாலை உறையவைத்துத் தட்டையாக்கிய ஷீட்டுகளைக் கம்புகளில் தொங்கவிட்டு, விறகுப் புகையில் சில நாட்கள் காயவைப்பேன். காய்ந்த ஷீட்டைக் கண்ணாடி மேசையில் விரித்துத் தரம் பார்ப்பவர் தோட்டத்து பெக்டரிக்குப் பொறுப்பான ஐயா. மேசைக்கு அடியில் பெட்டிக்குள் டியூப் லைட் எரியும். வெளிச்சம் ஊடுருவி ஷீட் தேன் நிறமாகத் தெரிந்தால் முதல் தரம். கறுத்துத் தெரிந்தால் கழிவு.

போன மழைக்காலத்தில் என் ஷீட்டுகள் எல்லாம் கறுத்துத் தெரிந்தன.

"எல்லாம் கறுப்பு! புகைய அள்ளி ஊத்துறியா? இன்னும் ஒரு தரம் இப்படி வந்தா மலைக்குப் புல்லு வெட்டப் போ" என்றார் ஐயா.

முழங்கால் தேய்ந்தவன் நான். மலை ஏறினால் ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டேன். பயத்தில் புகையைக் குறைத்தேன். ஈரம் போகாத ஷீட்டுகளில் பூஞ்சணம் பிடித்தது. சளி போல வழவழத்தன. நாற்றத்தில் சோறு இறங்கவில்லை.

ஷீட் துடைக்கும் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்னா தம்பி, செத்த எலியவா காயப்போட்டிருக்கீங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எதற்கும் எனக்கு அதுதான் பதில்.

என் மகள் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கிறாள். அந்த வாரம் ஒரு சாயங்காலம் சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். ஒளிச்செறிவு, போட்டோன் என்று காதில் விழுந்தது. என்ன அது என்று கேட்டேன்.

"வெளிச்சம் மணி மணியா வருதுப்பா. அந்த மணிதான் போட்டோன். ஒரே நிற வெளிச்சம் மங்கினா, ஒவ்வொரு மணியும் பலவீனமாயிருச்சுன்னு அர்த்தமில்ல. வர்ற மணி கொறஞ்சிருச்சு, அவ்வளவுதான்."

"நடுவுல அழுக்கு இருந்தா?"

"பாதிய அதுவே முழுங்கிரும். மிச்சந்தான் கண்ணுக்கு வரும்."

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் மணி என்றால் புரியும். சல்லடை அடைத்துக்கொண்டால் அரிசியைக் குறை சொல்வதா?

மறுநாள் ஐயா வருமுன் மேசைப் பெட்டியின் ஆணிகளைக் கழற்றினேன். உள்ளே ஈசல் சிறகு, கரப்பான் முட்டை, கட்டி கட்டியாகப் பல்லி எச்சம். கண்ணாடியின் அடிப்புறம் முழுக்கப் பிசினாகப் புகைக் கரி. ஒரு டியூப்பில் பல்லி ஒன்று செத்துக் காய்ந்து ஒட்டியிருந்தது. எத்தனை வருஷமாக யாரும் திறக்கவில்லையோ. சுரண்டச் சுரண்ட வாந்தி வந்தது. வெளியே போய் எடுத்துவிட்டு வந்து மறுபடி சுரண்டினேன்.

துடைத்து முடித்ததும், புகையைக் குறைக்குமுன் நான் காயவைத்து, ஐயா கழித்துப்போட்ட பழைய ஷீட்டுகளை விரித்துப் பார்த்தேன். தேன் நிறம்.

ஐயா வந்து அதே ஷீட்டுகளைப் புரட்டினார். "இப்பதான் ஒழுங்கா புகை போட்டிருக்க. ஏசினாத்தான் உங்களுக்கு வேலை ஓடும்."

"சொல்லுங்க தம்பி" என்று, நான் பெட்டியைத் துடைத்ததைப் பார்த்திருந்த அக்கா முழங்கையால் இடித்தாள்.

"சரிங்க ஐயா" என்றேன்.

மலைக்கு அனுப்பவில்லை. இப்போதும் சனிக்கிழமைதோறும் அவர் வருமுன் அந்தப் பெட்டியைத் திறந்து துடைக்கிறேன். அப்போது வருகிற குமட்டல் பல்லி எச்சத்தால் மட்டும் அல்ல.