தலைக்கு ஒரு போத்தல்

நார்த்மீட்டில் எங்கள் பக்கத்து வீட்டு ராஜகுமாரி அன்ரிக்குப் பியர் வாடையே ஆகாது. அவருடைய கணவர் அருமைநாதன் அங்கிளோ, ஒரு சின்ன ஆலை வருடத்துக்கு ஒருமுறை மட்டும் போத்தலில் விடும் கறுப்புப் பியருக்காக ஏங்குபவர். தலைக்கு ஒன்றுதான் என்பதால் 2007இல் அன்ரியையும் கூட்டிப்போய், ஆலை வாசலில் இறக்கிவிட்டுக் கார் நிறுத்தப் போனார். திரும்பி வருவதற்குள் வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. இடையில் புகுந்த ஒருவனை அன்ரி விரட்டியடிக்க, வரிசையே கைதட்டியது. கடைசிப் போத்தல் அன்ரியின் கைக்கு வந்தது, அங்கிளுக்கு ஒன்றுமில்லை.

காரில் அங்கிள் கையை நீட்டினார். "தாரும், பாப்பம்."

அன்ரி போத்தலை மடியில் இறுக்கிக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"இது நான் நிண்டு வாங்கினது. வாற வருஷமும் நீங்கள் காரைப் பாக் பண்ணுங்கோ, நான் வரிசையில நிக்கிறன்."