அக்காவின் இடது தோள்

நான் சுட்ட கடைசித் தட்டு உடைந்தது. இன்றைக்கும் அடித்துச் சொல்வேன், உடைந்தது. தூசி பறந்ததை நானே பார்த்தேன். ஆனால் நடுவராக உட்கார்ந்திருந்த என் அக்கா, கூடப் பிறந்தவள், "போச்சு!" என்று கத்தினாள். எங்கள் விளையாட்டில் தூசி கணக்கில் வராது. கண்ணுக்குத் தெரிய ஒரு துண்டாவது பிய்ந்து விழ வேண்டும். விழவில்லையாம். கோப்பை எங்களோடு சுடும் டாக்சிக்காரன் வீட்டுக்குப் போனது. எத்தனையோ வருடம் ஆகியும் அந்த வயிற்றெரிச்சல் எனக்கு அடங்கவில்லை.

"தம்பின்னு பாத்திருந்தா ஒரு துண்டு கண்ணுல பட்டிருக்காதா?" என்று அன்று வண்டியில் திரும்பும்போது கேட்டேன்.

"தம்பிங்கறதாலதான் நல்லா உத்துப் பாத்தேன். பேசாம ரோட்டைப் பாத்து ஓட்டு."

எங்கள் சங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழைய கல்குவாரியில் கூடும். "விடு!" என்று கத்தினால் மிஷின் ஒரு களிமண் தட்டை வானத்தில் வீசும். தரையில் விழுவதற்குள் அதைச் சுட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. சுட்டு முடித்தவர்களே மாறி மாறி நடுவராக உட்காருவோம். நான் டயர் கடை வைத்திருக்கிறேன். அக்கா சீருடை தைக்கும் கம்பெனியில் துணி வெட்டுகிறவள். வாரம் முழுக்க மேசை மேல் வளைந்து கிடக்கிற முதுகு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நிமிரும். விடிந்தும் விடியாமல் என் வண்டியில் ஏறி, துப்பாக்கிப் பையை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு, பிளாஸ்க் மூடியில் எனக்குக் காப்பி ஊற்றித் தருவாள். சர்க்கரை போட மறந்திருப்பாள். எத்தனை தடவை திட்டியிருப்பேன்! இப்போது கடையில் நல்ல காப்பி குடித்தாலும் வாய்க்கு அந்தக் கசப்புதான் வேண்டியிருக்கிறது.

வருடப் போட்டியில் முதல் ஐந்து இடம் பிடிப்பவர்கள்தான் எங்கள் அணி. அதில் அவள்தான் நல்ல கை. அப்படிப்பட்டவளுக்கு வலது கண் மங்கத் தொடங்கியது. போன பார்வை திரும்பாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். சங்கச் செயலாளர் மருந்துக்கடைக்காரர், நல்ல மனிதர்தான். "நீங்க நிரந்தரமா நடுவரா இருந்துடுங்கம்மா. அதுக்கு ஒரு கண்ணு போதும். கூடப் பிறந்தவனுக்கே 'போச்சு' சொன்ன ஆளாச்சே" என்றார்.

நான் சும்மா இருக்கவில்லை. "அப்பவே அந்தக் கண்ணு போயிருக்கும், சார்."

"அப்ப என் கண்ணு நல்லாத்தான்டா இருந்துச்சு. உன் குறிதான் குருடு" என்றவள், செயலாளர் பக்கம் திரும்பினாள். "நாற்காலியில உக்காந்து அடுத்தவங்க தப்பை எண்ணிக்கிட்டிருக்க என்னால ஆகாது சார். இடது தோள்ல வெச்சு சுடறேன். வருஷப் போட்டி வரைக்கும் விடுங்க. தேறலைன்னா என் இடத்தை யாருக்காவது குடுத்துடுங்க."

அன்றிலிருந்து அவள் வீட்டுக் கூடத்தில் தினமும் பயிற்சி. காலித் துப்பாக்கியை இடது தோளில் ஏற்றி, சுவரும் கூரையும் சேர்கிற கோட்டோடு குழலை மெல்ல நகர்த்துவாள். அத்தான் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "பல்லிக்கு விஷயம் தெரியுமா? பாவம், பிள்ளைகுட்டிக்காரி" என்பார்.

குவாரியில் ஒரு தட்டும் உடையவில்லை. முன்பெல்லாம் ஒரு தட்டு தப்பினால் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்ததைப் பார்ப்பாள். இப்போது போன தட்டை நினைத்துக்கொண்டே வருகிற தட்டையும் விட்டாள். "தட்டுக்கு வலிக்குமேன்னு பாக்கறீங்களாக்கா?" என்று டாக்சிக்காரன் கிண்டலடித்தான். வழக்கமாக அவனைப் பிடித்துக் கிழிக்கிறவள், அன்று பாதிச் சுற்றிலேயே துப்பாக்கியைப் பைக்குள் வைத்துவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் கடையை மூடிவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். "எடு, நீ எப்படிப் பிடிக்கறேன்னு பாக்கறேன்" என்றேன். குழலை மடக்கிக் காலி என்று காட்டிவிட்டுத் தோளில் ஏற்றினாள். நான் பக்கவாட்டில் தையல் மிஷின் மேல் சாய்ந்து நின்றேன். துப்பாக்கிக் கட்டை கன்னத்தில் பட்டதுதான் தாமதம், அவளுடைய இடது கண் இறுக மூடிக்கொண்டது!

வலது தோளில் சுட்ட அத்தனை காலமும் இடது கண்ணை மூடியே பழகியவள். தோளை மாற்றினாள், கண்ணுக்கு யாரும் சொல்லவில்லை. நல்ல கண்ணை மூடிக்கொண்டு, கெட்ட கண்ணால் இத்தனை நாளும் மூட்டத்தைச் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "என்னடா இளிக்கறே தடியா!" என்று எரிந்து விழுந்தாள். சொன்னேன். நம்பவில்லை. அத்தான் எழுந்துபோய் அவள் கண்ணாடியின் வலது வில்லையில் கறுப்பு டேப்பை ஒட்டிக்கொண்டு வந்தார். மாட்டிக்கொண்டு மறுபடி துப்பாக்கியை ஏற்றினாள்.

"ஐயோ, கரண்ட் போயிடுச்சு!"

"கரண்ட் இருக்கு. கண்ணைத் தொற" என்றார் அத்தான். பிறகு மூன்று பேரும் சிரித்ததில் பக்கத்து வீட்டில் கதவைத் திறந்து பார்த்தார்கள்.

கண் உடனே கேட்டுவிடவில்லை. பல வாரம் அடம் பிடித்தது. மனசையும் அவளே ஒரு வழிக்குக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு தடவை சுட்டதும் குழலைத் திறந்து, உள்ளிருந்து புகை முழுக்கப் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். "புகை இருக்கற வரைக்கும் போன தட்டைத் திட்டிக்கலாம். புகை போச்சுன்னா அதுவும் போச்சு. அடுத்ததுக்கு நான் புது ஆளு" என்பாள்.

வருடப் போட்டியில் அவள் பழையபடி சுடவில்லை. டேப் ஒட்டின கண்ணாடியோடு நின்று, முன்பு உடைத்ததில் முக்கால்வாசி உடைத்தாள். அணியில் ஐந்தாவது இடம், மயிரிழையில். செயலாளர் கைகொடுக்க வந்தபோது அந்தக் கையை விடாமல் உலுக்கினாள், பாவம் அவர் நெளிந்தார். அதன் பிறகு பல வருடம் அந்த இடத்தை அவள் யாருக்கும் விடவில்லை.

போன வருடம் வயிற்றில் நோய் வந்து படுத்தவள், பிறகு எழுந்திருக்கவே இல்லை. துப்பாக்கியைத் தூக்கித் தோளில் வைக்கத் தெம்பில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தூங்குகிறாள் என்று எழுந்தேன். சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நாளைக்கு சுடற வரிசையை நீதானே பலகையில எழுதுவே?"

"ஆமா."

"என் பேரையும் எழுது. டாக்சிக்காரனுக்குப் பக்கத்துல மட்டும் போட்டுடாதே, அவன் சுட்டா எனக்குக் காது அடைக்குது."